காப்பில காய்ச்சுன விஸ்கி

"இது பிளெண்டாண்ணே? அப்ப வேணாம். கலப்படம்லாம் நான் தொடுறதில்ல, ஒரே டிஸ்டில்லரில முளைகட்டின பார்லிய மட்டும் வச்சு செஞ்ச சிங்கிள் மால்ட் மட்டும்தான்."

"கலப்படம் இல்ல தம்பி, கலவை. பாட் ஸ்டில்னு செம்பு அண்டாவுல காய்ச்சுன விஸ்கியும், சோளம் மாதிரி தானியத்துல செஞ்ச கிரெயின் விஸ்கியும் சேர்றது. எதுவா இருந்தாலும் இந்த அயர்லாந்துத் தீவுலயே குறைஞ்சது 3 வருஷம் மரப் பீப்பாய்க்குள்ள கெடக்கணும், இல்லன்னா லேபிள்ல ஐரிஷ் விஸ்கின்னே போட முடியாது."

"அந்த கிரெயின எதுல காய்ச்சுறாங்க?"

"காஃபி ஸ்டில்ல."

"பாத்தீங்களா! காப்பி மெஷின்ல காய்ச்சிட்டு கலப்படம் இல்லங்கறீங்க."

"காஃபிங்கறது ஆள் பேருய்யா! ஏனியஸ் காஃபி. சாராய வரி பாக்குற எக்சைஸ் ஆபீசர். டொனகல் பக்கம் திருட்டுச் சாராயம் புடிக்கப் போய் மண்டை உடைஞ்சு வந்த மனுஷன், கடைசில அவரே 1830ல சாராயம் காய்ச்சுற ஒரு ஸ்டில்லுக்கு பேட்டன்ட் வாங்கிட்டாரு. செம்பு அண்டாவுல ஒவ்வொரு வாட்டியும் ஊத்தி, காய்ச்சி, காலி பண்ணி, கழுவி மறுபடி ஊத்தணும், அவரு ஸ்டில்லு நிக்காம ஓடும், இந்தப் பக்கம் ஊத்த ஊத்த அந்தப் பக்கம் வந்துட்டே இருக்கும்."

"ஃபில்டர் காப்பி மாதிரி."

"காப்பிய விடுய்யா."

"சரி, அந்த அண்டாவுலயாவது சுத்தமான மால்ட்தான?"

"முளைகட்டின பார்லியும் போடுவாங்க, கட்டாததும் போடுவாங்க. 1785ல மால்ட்டுக்கு வரி போட்டாங்க, அப்புறம் முளைகட்டாதது ஜாஸ்தியாச்சு. நாக்குல எண்ணெய் மாதிரி ஒட்டும் பாரு, லேசா காரம் ஏறும், அது அதோட வேலைதான்."

"ஆக, அதுலயும் கலப்படம்."

"நீ பேசுறத இதே டப்ளின்ல பெரிய பெரிய விஸ்கி முதலாளிங்களே பேசிட்டாங்க. 1878ல புத்தகமே போட்டாங்க, கிரெயின் கலந்தா அது விஸ்கியே இல்லன்னு. ஸ்காட்லாந்துக்காரன் சத்தமில்லாம அதே ஸ்டில்ல வாங்கி வச்சு, கலந்து, ஊரு உலகத்துக்கே வித்துட்டான். 1970கள் முடியறப்ப இந்தத் தீவுல ஓடிட்டிருந்தது ரெண்டே டிஸ்டில்லரி, டப்ளின்ல ஒண்ணுகூட கெடையாது. போரு, அமெரிக்காவுல மதுவிலக்குன்னு காரணம் ஆயிரம் இருக்கு, ஆனா இந்த வறட்டு கெத்தும் அதுல ஒண்ணு."

"எல்லாம் காப்பியால வந்த வினை."

"..."

"கோச்சுக்காதீங்கண்ணே. வெளிய குளிரு வேற கொல்லுது. மேல் தட்டுல இருக்கே, 16 வருஷ சிங்கிள் மால்ட், அத எடுங்க."

"இப்பதான் உருப்படியா கேட்டிருக்க. அப்படியே குடிப்பியா, ரெண்டு சொட்டு தண்ணி விடவா?"

"தண்ணியா? சூடா காப்பி ஊத்துங்க, சக்கரை ரெண்டு ஸ்பூன், மேல கிரீம்."