டேக்வாண்டோவில் குத்துக்கும் புள்ளி உண்டு

கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவின் ஸ்பாரிங்கில் (இருவர் நேருக்கு நேர் மோதும் போட்டியில்) கையால் குத்துவது தடை, உதைக்கு மட்டுமே புள்ளி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒலிம்பிக்கில் பின்பற்றப்படும் உலக டேக்வாண்டோ அமைப்பின் விதிகளின்படி, இறுக மூடிய முஷ்டியால் உடற்கவசத்தில் விடும் நேரான குத்துக்கு 1 புள்ளியும், அங்கே படும் சாதாரண உதைக்கு 2 புள்ளியும் உண்டு. முகத்தில் குத்துவதுதான் குற்றம். குழப்பம் அதனால் வந்திருக்கலாம்.

காலுறையில் சென்சார் இருப்பதால் உதையை மின்னணுக் கவசமே பதிவு செய்துவிடும். கையுறையில் அது இல்லாததால், மூலையில் அமர்ந்திருக்கும் நடுவர்கள் பொத்தானை அழுத்தினால்தான் குத்து கணக்கில் ஏறும். உலக டேக்வாண்டோ இணையதளத்தில் உள்ள போட்டி விதிகளில் ‘அனுமதிக்கப்பட்ட உத்திகள்’ பற்றிய பகுதியை யாரும் படித்துச் சரிபார்க்கலாம். பாரிஸ் 2024 காணொளிகளிலும், பலகையில் ஒற்றைப் புள்ளி ஏறும் இடங்களைக் கவனிக்கலாம் (எதிராளியின் தவறுக்கும் 1 புள்ளி கிடைக்கும் என்பதால் பிரித்துப் பார்க்க வேண்டும்).