பேஸ் கிட்டாரைக் கழற்றி வைத்தவர்

சி.எஸ்.எஸ். என்ற பிரேசில் இண்டி (பெரிய கம்பெனிகளைச் சாராத) பேண்டைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் பாடகி லவ்ஃபாக்ஸைத்தான் சொல்வார்கள். பளபளக்கும் உடையில் கூட்டத்துக்குள் குதிக்கிறவரை விட்டுவிட்டு ஓரமாக நின்று வாசிக்கிறவரை யார் பார்க்கப் போகிறார்கள்? எனக்கு அந்த பேண்டில் பிடித்த ஆள், ஓரமாக நின்று பேஸ் (அடித்தள சுரங்களுக்கான கிட்டார்) வாசித்த இரசேமா டிரெவிசான்தான். பேண்டு நன்றாக ஓடிக்கொண்டிருந்த 2008-இல், ஃபேஷன் துறைக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். கைக்கு வந்த வாய்ப்பைக் கோட்டை விட்டார் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

2003-இல் சாவோ பாவ்லோவில் நண்பர்கள் சேர்ந்து விளையாட்டுப்போல ஆரம்பித்த பேண்டு அது. பல பேண்டுகளில் பழம் தின்று கொட்டை போட்டவர் என்றால் அட்ரியானோ சிந்த்ரா ஒருவர்தான். மற்றவர்களில் பலருக்கு மேடை அனுபவமே கிடையாது. பாட்டுகளை இணையத்தில் ஏற்றினார்கள், ஆட்கள் சேர்ந்தார்கள். 2005-இல் பிரேசிலின் டிராமா நிறுவனம் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. சிடியோடு ஒரு வெற்று சிடியையும் வைத்துக் கொடுத்தார்கள், நண்பருக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுங்கள் என்று! மற்ற நிறுவனங்கள் திருட்டு சிடி என்று தலையில் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. மறு வருஷமே, நிர்வாணா என்ற அமெரிக்க ராக் பேண்டின் முதல் ஆல்பத்தைப் போட்ட சியாட்டிலின் சப் பாப் நிறுவனம் இவர்களை உலகத்துக்குக் கொண்டுபோனது.

ஆட வைக்கும் தாளமும் பங்க் ராக்கின் முரட்டுத்தனமும் கலந்த இந்த மாதிரி டான்ஸ் பங்க் இசையில் பேஸ் என்ன செய்கிறது என்று கேட்க வேண்டுமானால் தயவுசெய்து ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அதில் பேஸ் பாதி காணாமல் போய்விடும். ஹெட்ஃபோன் மாட்டுங்கள். கிட்டார் அங்கங்கே கீறிவிட்டுப் போகும், கீபோர்டு கீச்சிடும். கீழே பேஸ் சில சுரங்களையே திரும்பத் திரும்ப, டிரம்ஸில் காலால் அடிக்கிற அடியோடு ஒட்டிக்கொண்டு போகும். கால் தானாக ஆடுவது அதனால்தான். இவர்களுடைய ஒரு பாட்டின் தலைப்பிலேயே டெத் ஃப்ரம் அபவ் என்ற கனடா இருவர் பேண்டின் பெயர் வருகிறது. கிட்டாரே இல்லாமல் பேஸும் டிரம்ஸும் மட்டும் வைத்து அதகளம் செய்தவர்கள் அவர்கள். இவர்கள் மனசு எங்கே இருந்தது என்று தெரிகிறதா?

2007-இல் ஒரு இங்கிலாந்து மாணவர் பொழுதுபோக்காகச் செய்த ஐபாட் டச் விளம்பரத்தில் இவர்களுடைய இன்னொரு பாட்டைப் போட்டிருந்தார். ஆப்பிளுக்குப் பிடித்துப்போய் அதையே டிவி விளம்பரமாக மாற்றினார்கள். பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 தரவரிசையில் 63-ஆம் இடத்துக்குப் போனது. சாவோ பாவ்லோ இண்டி கும்பலுக்கு இது சாதாரண விஷயமா?

இதற்கு அடுத்த வருஷம்தான் இரசேமா போகிறார். பிறகு பாரிஸில் ஆடை, துணி வடிவமைப்பு என்று தன் வழியில் போனார். சுற்றுப்பயண வாழ்க்கை வெளியிலிருந்து பார்க்கத்தான் ஜோர். வேன், விமான நிலையம், சவுண்ட் செக், மறுபடி வேன். உள்ளே வேறு ஆசை இருக்கிறவருக்கு அது எத்தனை நாளைக்குத் தாங்கும்?

அவர் போனதும் டிரம்ஸிலிருந்து எழுந்து வந்து பேஸை மாட்டிக்கொண்டது சிந்த்ரா. இசை நன்றாகத் தெரிந்த கை. ஆனால் 2008 ஜூலையில் வந்த இரண்டாவது ஆல்பம் என் காதுக்கு ரொம்பவே இஸ்திரி போட்டதாக இருந்தது. முதல் ஆல்பத்தின் கோணல் அதில் இல்லை. (இதற்கு இரசேமா போனதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், அது அபாண்டம்.) மூன்றாவது ஆல்பம் வந்த 2011-லேயே சிந்த்ராவும் விலகினார், அதுவும் மனக்கசப்போடு, ஊரறிய. பேஸ் வாசித்த இரண்டு பேரும் போய்விட்டார்கள். மிச்சமிருந்த நான்கு பெண்கள் 2013-இல் நான்காவது ஆல்பத்தைப் போட்டார்கள்.

சண்டை போட்டுக்கொண்டு போனவரைப் பற்றி பேட்டிகளும் செய்திகளும் கிடைக்கின்றன. பிடித்த வேலைக்காகச் சத்தமில்லாமல் போனவருக்கு "முன்னாள் உறுப்பினர்" என்று ஒரே ஒரு வரி. இந்தக் கணக்கு மட்டும் எனக்குப் பிடிக்கவேயில்லை.