நர்சிங் ஹோம் பார்க்கப் போகிறீர்களா, முதலில் மேனேஜரைப் பாருங்கள்

மெல்பர்னில் இருக்கும் ஒரு தம்பி நேற்று இரவு மெசேஜ் அனுப்பியிருந்தார். அம்மாவுக்கு டிமென்ஷியா முற்றிவிட்டது, இனி வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாது, ரெண்டு நர்சிங் ஹோம் பார்த்து வைத்திருக்கிறேன், ஒன்றுக்கு நாலு ஸ்டார், இன்னொன்றுக்கு மூணு ஸ்டார், எதில் சேர்க்கட்டும் அக்கா என்று கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போனது. இதே கேள்வி பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் இங்கேயே போடுகிறேன்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு: நம்ம ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சின்ன தனியார் ஆஸ்பத்திரி. ஆஸ்திரேலியாவில் அது வயதானவர்கள் கடைசி வரைக்கும் தங்கி வாழும் இடம். நான் பதினோரு வருஷமாக சிட்னியில் இந்த வேலையில்தான் நர்ஸாக இருக்கிறேன். மூன்று இல்லங்கள், ஏழு மேனேஜர்கள். ஆமாம், ஏழு.

முதலில் வேலை செய்த இல்லத்தில், சிறுநீரை அடக்க முடியாதவர்களுக்குப் போடும் டயப்பர் மாதிரியான பேட் வைக்கிற அலமாரிக்குப் பூட்டு போட்டிருப்பார்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று பேட், அதற்கு மேல் வேண்டுமென்றால் இன்சார்ஜிடம் போய்ச் சாவி கேட்க வேண்டும், ஏன் என்று காரணம் சொல்ல வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு ஈரத்தோடேயே விட்டுவிட்டுப் போன, கேர் வேலை பார்க்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒருமுறை ஒரு பெண், ஒரு தாத்தாவின் கையில் கன்றிப்போயிருந்ததைப் பார்த்துவிட்டு முறைப்படி, நடந்த சம்பவத்தைப் பதிவு செய்யும் ஃபார்ம் எழுதி வைத்தாள். மறுநாள் மேனேஜர் எல்லாருக்கும் முன்னால் அவளை நிறுத்தி வைத்துக் கேட்டது, "யார் உன்னை இதை எழுதச் சொன்னது?" அவ்வளவுதான். அந்த மாடியில் அப்புறம் யாரும் எதையும் எழுதவில்லை. மாதக் கடைசியில் கணக்கு பளபளவென்று இருந்தது, தோல் கிழிந்தது பூஜ்யம், விழுந்தது பூஜ்யம்.

இங்கே சட்டதிட்டங்களுக்குக் குறைவே இல்லை. 2018 அக்டோபரில் முதியோர் பராமரிப்பை விசாரிக்க ராயல் கமிஷன் என்ற பெரிய விசாரணைக் குழுவை அமைத்தார்கள். 2019-ல் வந்த இடைக்கால அறிக்கைக்கு அவர்கள் வைத்த தலைப்பே 'புறக்கணிப்பு' என்ற ஒற்றைச் சொல்தான். 2021 மார்ச்சில் இறுதி அறிக்கை, 148 பரிந்துரைகள். அதற்குப் பிறகு நிறைய மாறியது, மறுக்கவில்லை. 2022 டிசம்பரில் ஒவ்வொரு இல்லத்துக்கும் அரசாங்கம் தரும் ஸ்டார் மதிப்பீடு வந்தது. 2023 ஜூலையிலிருந்து எந்த நேரமும் ஒரு பதிவு பெற்ற நர்ஸ் கட்டாயம். அதே சமயத்தில் கேர் வேலை செய்கிறவர்களுக்கு 15 சதவீதம் சம்பள உயர்வு கிடைத்தது, எங்களுக்கெல்லாம் அது பெரிய விஷயம். இப்போது ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 215 நிமிடப் பராமரிப்பு, அதில் 44 நிமிடம் நர்ஸுடையது. 2025 நவம்பரில் முதியோர் பராமரிப்புக்கான புதுச் சட்டமும் அமலுக்கு வந்துவிட்டது. எல்லாமே வேண்டியதுதான். ஆள் இல்லாமல் கவனிப்பு எங்கிருந்து வரும்? ஆனால் அந்த 215 நிமிடமும் எப்படிப் போகிறது என்பது மேனேஜர் கையில் இருக்கிறது. ஒரே மாதிரி ஆள்பலம் இருந்த ரெண்டு இல்லத்தில் வேலை பார்த்திருக்கிறேன். ஒன்றில் காலை ஐந்து மணிக்கே லைட்டைப் போட்டு எழுப்பிக் குளிப்பாட்டினோம், காலை ஷிஃப்ட் வருவதற்குள் பாதிப் பேர் முடிந்திருக்க வேண்டும் என்று உத்தரவு. இன்னொன்றில் ஒரு அம்மா ஒன்பதரைக்கு எழுந்தால் ஒன்பதரைக்குத்தான் டோஸ்ட் போகும். சமையலறையில் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள், அப்புறம் பழகிக்கொண்டார்கள்.

ஒன்பதரைக்கு டோஸ்ட் போகும் அந்த ரெண்டாவது இல்லத்தின் மேனேஜரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிவை முடிக்க முடியாது.

வந்த முதல் நாளிலிருந்து காலை ஆறே முக்காலுக்கு, ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவரில் வந்து நிற்பார். நைட் டியூட்டி பார்த்தவர்களிடம் கேட்பது ஒரே கேள்வி: ராத்திரி எது கஷ்டமாக இருந்தது? முதல் ரெண்டு வாரம் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை, சூடு கண்ட பூனைகள் நாங்கள். மூன்றாவது வாரம் ஒரு நேபாளப் பெண், வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, தயங்கித் தயங்கிச் சொன்னாள்: பதினாலாம் நம்பர் அறை அம்மாவின் இடது குதிக்கால் சூடாக இருக்கிறது, ஆனால் சிவக்கவில்லை, எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

பதினாலாம் நம்பரில் இருந்தது யாழ்ப்பாணத்துப் பாட்டி. டிமென்ஷியாவில் இங்கிலீஷ் முழுக்கப் போய்விட்டது. அந்தப் பெண்ணிடம் பாட்டி ராத்திரியெல்லாம் "நோகுது பிள்ளை, நோகுது" என்று சொல்லியிருக்கிறார், அவளுக்குப் புரியவில்லை, ஆனால் கை வைத்துப் பார்த்திருக்கிறாள். படுக்கைப் புண் ஆரம்பிக்கும்போது தோல் சிவக்கும், விரலால் அழுத்தினால் வெளுக்காது என்றுதான் பாடத்தில் படிக்கிறோம். நம்மைப் போன்ற கருத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்கே தெரியாமல் போகலாம், தொட்டுத்தான் பார்க்க வேண்டும், சூடு, கடினம், வலி. இருபது வயதுப் பெண் அதைக் கையால் கண்டுபிடித்திருக்கிறாள்.

மேனேஜர் ஹேண்ட்ஓவரை அப்படியே நிறுத்திவிட்டு அவளையும் என்னையும் கூட்டிக்கொண்டு அந்த அறைக்குப் போனார். தரையில் முட்டி போட்டு, ரெண்டு குதிக்காலையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்து, குதிக்கால் மெத்தையில் படாமல் தொங்க விட்டோம். அப்போதே டாக்டருக்கு போன், எடை பார்த்தது, சாப்பாட்டில் புரதம் கூட்டச் சொன்னது, எல்லாம் பத்து மணிக்குள் முடிந்தது. புண்ணாகவில்லை, ரெண்டு வாரத்தில் சரியாகிவிட்டது. மறுநாள் ஹேண்ட்ஓவரில் எல்லாருக்கும் முன்னால் அந்தப் பெண்ணுக்கு நன்றி சொன்னார். எந்த ஃபார்ம் எழுதியதற்காக முன்பு ஒருத்தியை எல்லாருக்கும் முன்னால் நிறுத்தினார்களோ, அது எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை.

அந்த மாதம் ஃபார்ம்கள் ரெட்டிப்பானது. தலைமை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, நீங்கள் வந்ததும் ஏன் இத்தனை சம்பவம் என்று கேட்டார்கள். முன்பும் நடந்ததுதான், இப்போது எழுதுகிறார்கள் என்று சொன்னார். அப்படிச் சொல்லத் தைரியம் வேண்டும், அதைக் காது கொடுத்துக் கேட்க மேலேயும் ஆள் வேண்டும். இப்போது பெரும்பாலான நிறுவனங்களின் நிர்வாகக் குழுவில் நர்ஸ், டாக்டர் மாதிரி மருத்துவ அனுபவம் உள்ள ஒருவராவது இருந்தே ஆக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். நல்லது. கணக்கு மட்டும் தெரிந்தவர்களுக்குக் குதிக்கால் சூட்டைப் பற்றி யார் புரியவைப்பது?

கெட்ட சேதி மேலே போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஓக்டன் என்ற முதியோர் இல்லம் ஒன்று போதும். அரசாங்கமே நடத்திய இடம். 2016-ல் தரச் சான்றிதழைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள், 2017-ல் அங்கே நடந்த கொடுமைகள் வெளியே வந்து இழுத்து மூடினார்கள். அதை வெளியே கொண்டுவந்தது ஒரு நோயாளியின் குடும்பம். மேலே இருந்த பலர் எங்களுக்குத் தெரியாது என்றார்கள்.

சரி தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஸ்டாரைப் பாருங்கள், மொத்தத்தை மட்டும் பார்க்காமல் உள்ளே பிரித்துப் பாருங்கள். அங்கே இருப்பவர்களிடமே கேட்டு எடுத்த அனுபவ மதிப்பெண்ணுக்குத்தான் அதில் அதிக எடை. அப்புறம் நேரில் போனால் மேனேஜர் எத்தனை வருஷமாக இருக்கிறார், அவருக்கு முன்னால் ஐந்து வருஷத்தில் எத்தனை பேர் மாறினார்கள் என்று கேளுங்கள். அவரோடு சேர்ந்து ஒரு தடவை காரிடாரில் நடந்து பாருங்கள். கேர் பிள்ளைகள் அவரைக் கண்டதும் சுறுசுறுப்பாக நடிக்கிறார்களா, இல்லை நின்று ஏதாவது சொல்கிறார்களா? அவருக்கு அங்கிருக்கும் முதியவர்களின் பெயர் தெரிகிறதா? பேட் அலமாரிக்குப் பூட்டு இருக்கிறதா என்றும் கூச்சப்படாமல் பாருங்கள்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது அவர்கள் தயாராக இருக்கும் நேரம். அதற்கும் போங்கள், ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு இன்னொரு தடவை போய், அம்மா வயதில் இருக்கும் ஒருவருக்கு யார் எப்படிச் சாப்பாடு ஊட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு எனக்கு போன் பண்ணுங்கள்.