செண்பகப்பூ கஷாயமும் புற்றுநோயும்: ஃபார்வர்ட் செய்யும் அண்ணனுக்கு

"செண்பகப்பூவைக் கஷாயம் வைத்துக் குடித்தால் புற்றுநோய் கரைந்துவிடும், வெள்ளைக்காரன் மறைத்துவிட்டான்." எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்தச் செய்தி நேற்று மறுபடி வந்தது. அனுப்பியவர் காரைக்குடி அண்ணன். அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். செண்பகத்தில் சரக்கு உண்டு. ஆனால் நீங்கள் அனுப்பிய இடத்தில் இல்லை.

செண்பகம் மக்னோலியா இனத்து மரம். முன்பு மிச்சேலியா சம்பகா என்றார்கள், இப்போது மக்னோலியா சம்பகா. நம் பக்கத்தில் பூ சாமிக்கும் தலைக்கும். காய்ந்த பூ நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். குளியல் பொடிக்கு அரைப்பார்கள், உடம்புச் சூட்டுக்கும் நீர்க்கடுப்புக்கும் கஷாயம் வைப்பார்கள். பட்டை காய்ச்சலுக்கு. எங்கள் ஆயா கைவைத்தியத்தில் கெட்டிக்காரர், ஊரே அவரிடம் வந்து நிற்கும். அவர்கூடப் புற்றுக்கு இதைச் சொன்னதில்லை.

ஆராய்ச்சிக்காரர்கள் சரக்கைக் கண்டது பூவில் அல்ல, வேர்ப்பட்டையில். அதில் பார்த்தனோலைடு என்ற பொருள் இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் முதல்வராக இருந்து, பிறகு பம்பாயில் சீபா மருந்து நிறுவனத்தின் ஆய்வு மையத்தை நடத்திய டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவர் குழுவும் 1960களில் அதன் மூலக்கூறு அமைப்பைத் திருத்தி நிறுவினார்கள். பெருமைப்பட ஆசை என்றால் இந்த மனிதரை வைத்துப் பெருமைப்படலாமே! அவர் பெயரில் ஒரு ஃபார்வர்டும் வந்து நான் பார்த்ததில்லை.

பார்த்தனோலைடு ஆய்வகத்தில் ரத்தப் புற்றின் மூலச் செல்களையே கொல்கிறது என்று 2005இல் அமெரிக்காவில் காட்டினார்கள். சிக்கல் என்னவென்றால் அது தண்ணீரில் சரியாகக் கரையாது, ரத்தத்தில் போதிய அளவு ஏறாது. அதனால் அதன் உறவான மிச்சேலியோலைடை எடுத்து, மாற்றி, ஏசிடி001 என்ற மருந்தாக்கி மூளைக்கட்டி நோயாளிகளிடம் சோதிக்கிறார்கள். தண்ணீரில் கரையாத சரக்கை, அது இருக்கும் வேரை விட்டுவிட்டுப் பூவைக் கொதிக்கவைத்து எப்படி அண்ணே இறக்குவீர்கள்?

நம் கோழிக் குழம்பு அன்னாசிப்பூவும் ஒருகாலத்தில் மக்னோலியா குடும்பத்தில்தான் இருந்தது, பிறகு பிரித்துவிட்டார்கள். அதிலுள்ள ஷிக்கிமிக் அமிலத்திலிருந்து பல வேதிப்படிகள் தாண்டித்தான் டாமிஃப்ளூ என்ற ஃப்ளூ மருந்து வருகிறது. அதற்காகக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டால் ஃப்ளூ காய்ச்சல் நிற்காது. ருசிக்குச் சாப்பிடுங்கள்.

"இயற்கைதானே, கெடுதல் என்ன?" என்பவர்களுக்குத்தான் பெல்ஜியத்துக் கதை. சீனாவில் ஹோபோ என்ற மக்னோலியா பட்டையை வயிற்று உப்புசத்துக்கும் நெஞ்சுச் சளிக்கும் நூற்றாண்டுகளாகக் கொடுக்கிறார்கள். அதிலிருந்து பிரித்த ஹோனோகியோல், மேக்னோலால் இரண்டும் இன்று ஆய்வகங்களில் பிரபலம். 1990 வாக்கில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்கக் கொடுத்த மாத்திரையில் இந்தப் பட்டையோடு ஸ்டெஃபானியா என்ற இன்னொரு சீன மூலிகையும் சேர வேண்டும். பெயர்க் குழப்பத்தில் அதற்குப் பதில் அரிஸ்டோலோகியா என்ற நச்சு மூலிகை வந்து சேர்ந்தது. 100க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது, பெரும்பாலும் பெண்கள். பலர் டயாலிசிஸுக்கும் மாற்றுச் சிறுநீரகத்துக்கும் போனார்கள், சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றும் வந்தது. மக்னோலியா பட்டை அதில் பழி சுமக்கவில்லை. கூட வந்த பொடிதான் எமன். அந்த அரிஸ்டோலோகியாவின் நம்மூர்ச் சொந்தம் ஆடுதின்னாப்பாளை, நம் கரிசல் காட்டில் தானாக முளைப்பது. சிறுநீரகத்தைக் கெடுத்த அரிஸ்டோலோகிக் அமிலம் அதிலும் உண்டு.

சித்த மருத்துவத்தை நான் கேலி செய்யவில்லை. படித்த சித்த மருத்துவர் செடியின் எந்தப் பாகம், எப்படிச் சுத்தம் செய்வது, எவ்வளவு, எத்தனை நாள் என்று பார்த்துத்தான் கொடுப்பார். ஃபார்வர்டில் இந்த நான்கில் ஒன்றாவது இருந்ததா? வீட்டில் யாராவது கீமோ எடுத்துக்கொண்டிருந்தால், குடிக்கும் கஷாயத்தைப் புற்றுநோய் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கல்லீரலில் இரண்டும் மோதிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

கீழே சண்டைக்கு வருகிறவர்கள் பூவா, பட்டையா, வேரா, எத்தனை கிராம் என்று முதல் வரியில் எழுதிவிட்டு வரவும். அண்ணனுக்கும் அதே விதிதான்.