குறிப்புச்சட்டம் எப்போது போட வேண்டும்?

கட்டுரை என்றாலே முதலில் குறிப்புச்சட்டம் (என்னென்ன எழுதப்போகிறோம் என்ற வரிசைப் பட்டியல்), அப்புறம் முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை. எனக்கும் இந்த வரிசையில்தான் சொல்லித் தந்தார்கள். பல வருடங்கள் எதை எழுதினாலும் அப்படித்தான் எழுதினேன். சில கட்டுரைகள் நன்றாக வந்தன, சில உயிரில்லாமல் கிடந்தன. குறை என் மொழியில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரியில் ஒரே மாதத்தில் இரண்டு கட்டுரைகள் எழுத வேண்டி வந்தது. ஒன்று வாதக் கட்டுரை: ஒரு மாணவரை அளக்கத் தேர்வு மதிப்பெண் மட்டும் போதுமா? இதற்குக் குறிப்புச்சட்டம் உண்மையிலேயே கைகொடுத்தது. என் நிலைப்பாடு, அதற்கான காரணங்கள், எதிர்த்தரப்பு என்ன கேட்கும், அதற்கு என் பதில். ஆனால் எதிர்த்தரப்பைப் படிக்கப் படிக்க என் நிலைப்பாடே நகர்ந்தது. "மதிப்பெண் போதாது" என்று அடித்துச் சொல்லத் தொடங்கியவன், மதிப்பெண்ணை எடுத்துவிட்டு ஆசிரியரின் மதிப்பீட்டை மட்டும் வைத்தால் பாரபட்சம் நுழையுமே என்ற இடத்தில் வந்து நின்றேன். முதல் நாள் எழுதிய முன்னுரை அதற்குள் பொய்யாகிவிட்டது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கடைசியில் புதிதாக எழுதினேன். இப்போதெல்லாம் வாதக் கட்டுரைக்கு நான் முன்னுரையைக் கடைசியில்தான் எழுதுகிறேன்.

இன்னொன்று அனுபவக் கட்டுரை. பார்வை போன பிறகு தாத்தாவுக்கு நாளிதழ் வாசித்துக் காட்டியதைப் பற்றியது. அதற்கும் பழக்கப்படி சட்டம் போட்டேன்: நிகழ்ச்சி, என் உணர்வு, கற்ற பாடம். எழுதி முடித்துப் படித்தால் அதில் என் தாத்தா இல்லவே இல்லை. சரி என்று சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு, நினைவுக்கு வந்ததை வந்தபடியே எழுதினேன். நான்கு பக்கம் ஆனது. விளம்பரங்களைக்கூட விடாமல் வாசிக்கச் சொல்வார் என்பது மூன்றாம் பக்கத்தில்தான் ஞாபகம் வந்தது. மற்றதில் பெரும்பகுதியை வெட்டிவிட்டு அந்த ஒன்றைச் சுற்றியே கட்டுரையை அமைத்தேன். குறிப்புச்சட்டம் போட்டது அதற்கப்புறம்தான்!

ஜேனட் எமிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1971-இல் வெளியிட்ட ஆய்வைப் பின்னாளில் படித்தபோது இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்று தெரிந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் எட்டுப் பேரை, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதச் சொல்லிக் கவனித்தார். பள்ளிக்காக எழுதும்போது அவர்கள் குறைவாக யோசித்தார்கள், குறைவாகத் திருத்தினார்கள். தங்களுக்காக எழுதும்போது இரண்டுக்கும் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். அதே மாணவர்கள்தான். எதை, யாருக்காக எழுதுகிறோம் என்பது மாறியதும் எழுதும் விதமே மாறிவிடுகிறது.

ஆய்வுக் கட்டுரை வேறு மாதிரி. அதில் பாதி வேலை எழுதுவதற்கு முன்பே முடிகிறது. படித்ததைப் பக்க எண்ணோடு குறித்துவைக்காமல் விட்டால், பிறகு ஒரு மேற்கோளைத் தேடியே ஒரு நாள் போய்விடும். தேர்வு அறையில் மட்டும் பழைய வரிசைதான் சரி. கருத்து மாறினால் திரும்பிப் போக அங்கே நேரமில்லை. ஐந்து நிமிடம் சட்டம் போட்டுவிட்டு நேராக எழுதிவிட வேண்டும்.

என் வருத்தம் இதுதான். அந்தத் தேர்வு அறை வரிசையையே எல்லாக் கட்டுரைக்கும் பொது விதியாக்கிவிட்டோம். அது பொருந்தாத இடத்தில் "எனக்கு எழுத வராது" என்று ஒரு பிள்ளை முடிவு செய்துவிடுகிறது. நல்ல அனுபவமும் நல்ல மொழியும் இருந்தும் அப்படி ஒதுங்கிப்போனவர்களை எனக்குத் தெரியும்.

ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அனுபவக் கட்டுரை கொடுக்கும் அன்றே குறிப்புச்சட்டத்தைக் காட்டச் சொல்லாதீர்கள். அடித்தல் திருத்தலோடு இருக்கும் முதல் வரைவை வாங்கிப் படியுங்கள். எந்த வரி உங்களை நிறுத்தியதோ அதன் அடியில் ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுங்கள்.