வேலை வெட்டி இல்லாதவர்களின் லினக்ஸ்

போன மாதம் ஒரு வளைகாப்பு. பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த உறவுக்காரத் தம்பி கேட்டான்: "அக்கா, ஆபீஸ், வீடு, ரெண்டு பசங்க, இதுக்கு நடுவுல லினக்ஸ் வேற நோண்டிக்கிட்டு இருக்கீங்களாமே, எங்கேர்ந்து டைம் கிடைக்குது?" ரசத்துக்குக் கையைக் குழித்துக்கொண்டே சிரித்து வைத்தேன். (லினக்ஸ் என்றால் விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டும் அடிப்படை மென்பொருள், இலவசம். ஆர்ச், உபுண்டு, டெபியன் எல்லாம் அதன் வகைகள்.) வாராவாரம் ஆர்ச் லினக்ஸை அழித்து அழித்துப் போடும் என் ஆபீஸ் பையன்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர்கள் செய்தால் ஆர்வம், நான் செய்தால் மட்டும் நேரக் கணக்கு. அது கிடக்கட்டும்.

கேள்வி புதிதில்லை. நெட்ஸ்கேப் பிரௌசர் கம்பெனியில் வேலை பார்த்த ஜேமி ஜவின்ஸ்கி 90களின் கடைசியிலேயே, உங்கள் நேரத்துக்கு மதிப்பில்லை என்றால்தான் லினக்ஸ் இலவசம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதரோடு எனக்குப் பல வருஷமாகப் பாதிச் சண்டை, பாதி சமாதானம்.

சமாதானப் பாதியை முதலில் சொல்கிறேன். நான் கல்லூரியில் சேர்ந்தது 2008. உபுண்டு 8.04 சிடி தபாலில் வந்தது. அப்போதெல்லாம் விலாசம் கொடுத்தால் போதும், ஒரு பைசா வாங்காமல் அனுப்பிவைப்பார்கள், 2011இல்தான் நிறுத்தினார்கள். வெளிநாட்டு முத்திரையோடு கவர் வந்ததைப் பார்த்து அம்மா மிரண்டுபோனது தனிக்கதை. அதற்கப்புறம் நாலு வருஷம் ஹாஸ்டலில் நான் செய்த வேலைகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஜன்னலின் ஓரக்கோடு இரண்டு பிக்சலா மூன்று பிக்சலா என்று ராத்திரி இரண்டு மணிவரை மாற்றி மாற்றிப் பார்த்தது, வைஃபை டிரைவரை இறக்க ஒரு லேன் கேபிளுக்காக மாடி மாடியாக அலைந்தது, சனிக்கிழமை ஐஐடியில் லினக்ஸ் பயனர் குழுக் கூட்டத்துக்குப் போய் அங்கே பெரியவர்கள் பேசியதில் முக்கால்வாசி புரியாமல் திரும்பி வந்தது. அந்த நேரத்துக்கு விலை கிடையாது. இன்று நான் சோறு தின்பதும் அதில்தான்.

இப்போது நிலைமை வேறு. நங்கநல்லூரில் காலை ஐந்து மணிக்கு எழுந்து மோட்டார் போடுவதில் ஆரம்பித்து, மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிப் போட்டிருக்கும் ஓஎம்ஆரில் ஊர்ந்து போய்த் திரும்பி, பசங்களுக்குச் சாப்பாடு கொடுத்து முடித்தால் மணி ஒன்பதரை. எனக்கென்று வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தால் அதிகம், அதுவும் அரை மணி அரை மணியாகத் துண்டு துண்டாக. அந்தத் துண்டுகளில் திரையைக் காட்டும் எக்ஸ் டிரைவர் உடைந்ததையும், லினக்ஸின் உள்மையமான கெர்னல் புதிதானதும் ப்ளூடூத் போனதையும் சரிபார்த்துக்கொண்டிருக்க எனக்குக் கட்டுப்படியாகாது. அதனால் வீட்டில் எல்லா மெஷினிலும் டெபியன் ஸ்டேபிள்தான். ஏறத்தாழ இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் புதுப் பதிப்பு வரும், நடுவில் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். பழைய சாஃப்ட்வேர், போர் அடிக்கும் என்று பையன்கள் கிண்டல் செய்கிறார்கள். போர் அடிக்கட்டும், எனக்கு வேண்டியது அதுதான். நேரமில்லாதவர்களுக்கு லினக்ஸ் சரிப்படாது என்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். நேரமில்லாதவர்களுக்குச் சரிப்படாதது புதுசு புதுசாகத் தேடிப் போகும் ஆசை. நான் சொல்லாமல் எதுவும் தானாக மாறாத மெஷின் என்னைப் போன்றவளுக்குத்தான் முதலில் வேண்டும்.

என் மாமியாரின் லேப்டாப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல் வாங்கியது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது, விண்டோஸ் 11 கேட்கும் பிராசஸர் பட்டியலில் அந்த லேப்டாப் இல்லை. கணவர் புதுசு வாங்கிவிடலாம் என்றார். நான் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ஒரு எஸ்எஸ்டியும் கொஞ்சம் ராமும் வாங்கி வந்து, பசங்க தூங்கின பிறகு இரண்டு ராத்திரியில் டெபியன் 13 போட்டு, எழுத்தைப் பெரிதாக்கி, தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாக வைத்துக் கொடுத்தேன். அத்தைக்கு அது லினக்ஸ் என்பதே தெரியாது. "முன்ன மாதிரி ரீஸ்டார்ட்டு ரீஸ்டார்ட்டுன்னு தொல்லை பண்ணல" என்றார், அவ்வளவுதான் விமர்சனம்.

ஆனால் அந்த லேப்டாப்பில்தான் நான் என் மானத்தையும் வாங்கிக்கொண்டேன். வீட்டில் ஒருவர் நம்பியிருக்கும் மெஷினில் நோண்டுவதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். நோண்டுவதற்குத் தனியாக ஒரு டப்பா உண்டு. சித்தி பெண்ணுக்கு 2013இல் பள்ளியில் கொடுத்த இலவச லேப்டாப். (அதில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆன் செய்தால் எது வேண்டும் என்று கேட்கும். பன்னிரண்டாம் வகுப்பு முடிகிறவரை அவள் ஒரு முறைகூட பாஸைத் தொட்டதில்லை, தொட்டுக் காட்ட அவள் பள்ளியில் ஆளும் இல்லை. எத்தனை வீட்டில் இப்படித் திறக்காமலே கிடந்ததோ என்று நினைத்தால் வயிறு எரியும்.) விதியை மீறியது ஒரு மார்கழி ஞாயிறு ராத்திரி. அத்தையின் போட்டோக்களுக்குப் பேக்கப் வைக்கலாம் என்று வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் சொருகி, பூட் ஆகும்போது எந்தெந்த டிஸ்க்கைச் சேர்க்க வேண்டும் என்ற பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன். நன்றாக வேலை செய்தது. மறுநாள் அதே டிஸ்க்கைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டேன்.

பத்து மணிக்குத் திருப்பாவை உபன்யாசம் நேரலை. ஒன்பதே முக்காலுக்கு போன். "ஏம்மா, பொட்டி ஒன்றரை நிமிஷம் எதையோ எண்ணிட்டு, இப்போ ரூட்டு பாஸ்வேர்டு கொடுன்னு நிக்குது. யாரு அந்த ரூட்டு?"

எஃப்எஸ்டேப்பில் எழுதிய டிஸ்க் இல்லை என்றால், லினக்ஸைக் கிளப்பிவிடும் சிஸ்டம்டி 90 நொடி காத்திருக்கும், அப்புறம் மேலே பூட் ஆகாமல் அவசரநிலைக்குப் போய், நிர்வாகிக் கணக்கான ரூட்டின் பாஸ்வேர்டைக் கேட்டு நின்றுவிடும். நோஃபெயில் என்று ஒரே ஒரு வார்த்தை சேர்த்திருந்தால், டிஸ்க் இல்லாவிட்டால் பரவாயில்லை என்று தாண்டிப் போயிருக்கும். இது எனக்குத் தெரியாததில்லை, ஆபீஸில் ஜூனியர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். ஒரு ஐந்நூறு முறை சொல்லியிருப்பேன். துரைப்பாக்கம் சிக்னலில் நின்றபடி எழுபத்திரண்டு வயது அத்தைக்கு போனில் எடிட்டர் திறக்கச் சொல்லித்தர முடியுமா? அன்றைக்கு உபன்யாசம் போனது போனதுதான். சாயங்காலம் வந்து அந்த ஒரு வார்த்தையைச் சேர்க்க இருபது நொடி ஆனது, அத்தை சகஜமாகப் பேச இரண்டு நாள் ஆனது.

அதிலிருந்து ஒரு பழக்கம். 'செஞ்சது' என்று தமிழிலேயே பெயர் வைத்து ஒரு சாதாரணக் குறிப்புக் கோப்பு (லினக்ஸில் கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் அதற்கு ஒரு சிக்கலும் இல்லை, நமக்குத்தான் கூச்சம்). எதை நோண்டினாலும் எழுந்திருக்கும் முன் இரண்டு வரி எழுதிவிடுவேன்: எதை மாற்றினேன், பழையபடி ஆக்க என்ன செய்ய வேண்டும். கேட்பதற்கு ஒன்றுமில்லாத விஷயம். ஆனால் அரை மணி நேரத் துண்டுகளில் வாழ்கிறவளுக்கு, மூன்று வாரம் கழித்து உட்காரும்போது விட்ட இடத்தைக் கண்டுபிடிக்கவே முன்பு இருபது நிமிடம் போகும், மிச்சம் பத்தில் பெரியவனுக்கு வீட்டுப்பாடச் சந்தேகம் வந்துவிடும். இப்போது கடைசி இரண்டு வரியைப் படித்தால் போதும். ஜவின்ஸ்கியோடு என் சண்டைப் பாதி இங்கேதான் இருக்கிறது. நேரத்தைத் தின்பது லினக்ஸ் இல்லை, நேற்று நாம் செய்ததை நாமே மறப்பது.

எல்லாமே வெற்றிக்கதை என்று நினைத்துவிடாதீர்கள். கணவர் தொழிலுக்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஒரு அரசுத் தளத்தில் விண்டோஸ் இல்லாமல் அசைய மாட்டேன் என்கிறது. ஒரு வார இறுதி முழுவதும் முட்டிப் பார்த்துவிட்டு, லினக்ஸுக்குள்ளேயே தனிக் கம்ப்யூட்டர் மாதிரி ஓடும் மெய்நிகர் மெஷின் ஒன்றில் விண்டோஸைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். கொள்கை வேறு, ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதி வேறு.

சரி, இந்த வருஷம் அரை மணித் துண்டுகளில் செய்ததில் எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். மாமனார் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. ஓய்வு பெற்ற பிறகு தன் ஊரைப் பற்றி எழுதி எழுதி, பக்கத்துத் தெரு டிடிபி சென்டரில் கொடுத்து அடித்து வைத்திருந்தார். அறுபத்து மூன்று கோப்புகள், எல்லாம் பாமினி எழுத்துருவில். எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை மாதிரி தெரியும். எழுத்துருவைப் போட்டால் படிக்கலாம், ஆனால் தேட முடியாது, வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்ப முடியாது. பைதான் நிரல்மொழியில் ஓப்பன்-தமிழ் என்று ஒரு நிரலகம் இருக்கிறது, அதில் பழைய குறியாக்கங்களை, இன்று எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றும் வசதி உண்டு. ஒரு சின்ன லூப் எழுதி அறுபத்து மூன்றையும் ஓட்டினேன். பாமினியில் கொம்பை எழுத்துக்கு முன்னால் அடிப்பார்கள், கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே. யூனிகோடில் மெய்யெழுத்து முதலில், கொம்பு பின்னால். அதனால் ஏதாவது இடம் மாறியிருக்கிறதா என்று கொஞ்சம் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டியிருந்தது. இரண்டு ஞாயிறு மத்தியானம். பெரிய எழுத்தில் அத்தையின் லேப்டாப்பில் வைத்தேன்.

மூன்று நாள் படித்தார். நான் எதுவும் கேட்கவில்லை. நாலாம் நாள் அவரே வந்து, "பொங்கக் கொழம்புல கொண்டக்கடலன்னு எழுதியிருக்கார், எங்க வீட்டுல அது மொச்சை. அத நீ மாத்திடு" என்றார். மாற்றவில்லை. கீழே அத்தையின் பெயரோடு ஒரு அடிக்குறிப்பு சேர்த்திருக்கிறேன்.

இப்போது கையில் இருப்பது தண்ணீர்த் தொட்டி. ராஸ்பெர்ரி பை என்ற கையகலக் கம்ப்யூட்டர் பழையது ஒன்றில், ஒலியை அனுப்பி அது திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும் சென்சார் ஒன்றை வைத்து, மொட்டை மாடி டேங்க் நிறைந்தால் கீழே பஸர் அடிக்க வைத்தேன். முதலில் போட்டது திறந்த வகை சென்சார். டேங்க் ஈரத்தில் இரண்டு மாதத்தில் செத்தது. அதன் எக்கோ முனை 5 வோல்ட் கொடுக்கும், பை தாங்குவது 3.3 வோல்ட், அதனால் நடுவில் இரண்டு ரெசிஸ்டர் வைத்து இறக்க வேண்டும், அதெல்லாம் ஒழுங்காகத்தான் செய்திருந்தேன். அடுத்து ஈரம் புகாத வகையை வாங்கி மூடியில் மாட்டினேன். அந்த சென்சாருக்கு நேர் எதிரே இருபது இருபத்தைந்து செ.மீ.க்குள் வருகிற எதுவும் அதன் கண்ணில் படாது. அதாவது தண்ணீர் சரியாக நிறையப் போகும் நேரத்தில் குருடாகிவிடும். பஸர் அடிக்கவில்லை, டேங்க் வழிந்தது, கீழ் வீட்டுக்காரர் காயப்போட்டிருந்த வற்றல் மொத்தமும் நனைந்தது. இருபத்தைந்து செ.மீ.க்கு முன்னாலேயே நிறுத்தினால் என்ன என்று கேட்காதீர்கள். ஒன்றேகால் மீட்டர் உயர டேங்க்கில் அது ஐந்தில் ஒரு பங்கு. மே மாதத்தில் அதை விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்?

'செஞ்சது' கோப்பின் கடைசி வரி இப்போதைக்கு இது: சென்சாரை பைப் துண்டு வைத்து மூடிக்கு மேலே தூக்கணும், ஏணி கீழ் வீட்டில் இருக்கு. வற்றல் விஷயத்துக்கு அப்புறம் போய்க் கேட்கத்தான் வாய் வரவில்லை.