பால்பவுடர் டப்பாவைத் திருப்பி அனுப்பியது சரிதான்

நிவாரண முகாம் வாசலிலேயே, கைக்குழந்தைகளுக்கென்று வந்த பால்பவுடர் டப்பாக்களைத் திருப்பி அனுப்பிய அந்தத் தொண்டு நிறுவனத்தைத் திட்டித் தீர்த்துவிட்டீர்கள். "கல் நெஞ்சம்" என்று எழுதியவர்களில் நான் மதிக்கிறவர்களும் இருப்பது வலிக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், அவர்கள் செய்தது சரி. நிவாரணப் பொருளோடு பொருளாகப் பால்பவுடரைக் கொடுக்கவே கூடாது.

பவுடரிலேயே கிருமி இருக்கலாம். அதனால் கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் கலக்க வேண்டும், பிறகு ஆற்ற வேண்டும். இரண்டு மணி நேரத்தில் குடிக்காததைக் கொட்ட வேண்டும். புட்டியையும் நிப்பிளையும் ஒவ்வொரு தடவையும் கழுவிக் கொதிக்க வைக்க வேண்டும். குடிக்கிற தண்ணீருக்கே வரிசையில் நிற்கிறவள், அடுப்பெரிக்க விறகில்லாதவள், இதை ராத்திரியும் பகலும் எப்படிச் செய்வாள்? டப்பா தீரப்போகிறது என்றால் நாலு கரண்டி இரண்டாகும். வயிறு நிறைந்ததுபோல் குழந்தை தூங்கும், எடை ஏறாது.

2006 மே மாதம் இந்தோனேசியாவின் ஜோக்ஜகார்த்தா நிலநடுக்கத்துக்குப் பிறகு பால்பவுடர் வந்து குவிந்தது. இலவசப் பவுடர் கிடைத்த குழந்தைகளில் சுமார் 25 சதவீதத்துக்கு வயிற்றுப்போக்கு. கிடைக்காத குழந்தைகளில் 12 சதவீதத்துக்கும் குறைவு.

"பயத்தில் பால் வற்றிப்போச்சே" என்கிறீர்கள். அதிர்ச்சியில் பால் இறங்குவதுதான் தடைபடும், சுரப்பது நிற்காது. மறைவான இடம், தாய்க்கு வயிறார சாப்பாடு, குழந்தையை அடிக்கடி மார்பில் போடுவது. இவ்வளவு இருந்தால் இறங்கிவிடும். புட்டி கொடுத்தால்தான் குழந்தை மார்பில் சப்புவது குறைந்து, பால் நிஜமாகவே வற்றும். நிவாரணம் நின்ற பிறகு டப்பா வாங்கிக் கொடுக்க யார் வருவீர்கள்?

தாயில்லாத குழந்தைக்கு? நியாயமான கேள்வி. அதற்குத்தான் ஒவ்வொரு குழந்தையாகப் பார்க்கிறார்கள். இன்னொரு தாய் பாலூட்ட வழியில்லை என்றால் அந்தக் குழந்தைக்கு மட்டும் பவுடர். கூடவே சுத்தமான தண்ணீர், எரிபொருள், ஊட்டப் பாலாடை. தேவைப்படும் வரை தட்டாமல். புட்டி கிடையாது.

பால்பவுடரையும் புட்டியையும் அனாதை இல்லங்களுக்குத் தவிர யாருக்கும் தானமாகக் கொடுக்கக் கூடாதென்று இந்தியாவில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது; தாய்ப்பால் கொடுக்க முடியாத, வாங்கவும் வசதியில்லாத தாய்க்குச் சுகாதார அமைப்புகள் கொடுப்பதற்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. அதற்கும் "சட்டமா, உயிரா" என்று கேட்கிறீர்கள். உயிருக்காகத்தானே அந்தச் சட்டம்!

டப்பாக்களை அடுக்கி எடுத்த படத்தை ஆயிரம் பேர் பகிர்கிறீர்கள். சேலைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு தாய்க்குக் குழந்தையை மார்பில் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிற செவிலியரை யார் படமெடுக்கிறார்கள்? மூடி போட்ட குடம் வாங்கிக் கொடுங்கள். திரைத்துணி கொடுங்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பருப்பும் முட்டையும் கொடுங்கள். வாசலில் நின்ற அந்தப் பெண் ஊழியரின் முகத்தைப் போட்டுத் திட்டியவர்கள், தயவுசெய்து அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள்.